ஐடா ஸ்கடர்: மருத்துவமனை கட்டிய பிறகும் மாட்டுவண்டி ஏறிய டாக்டர்

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் வட்டாரக் கிராமங்கள்ல கர்ப்பம்னு தெரிஞ்சதும் பேரைப் பதிவு செய்றது, இரும்புச்சத்து மாத்திரை தர்றது, புதன்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி போடுறது எல்லாம் யார் வேலை? கிராம சுகாதார செவிலியர் வேலை. நோயாளி வரும்வரை காத்திருக்காமல் மக்களைத் தேடிப் போகும் இந்தப் பணிக்கு சமுதாய சுகாதார செவிலியம் என்று பெயர். இது ஏன் தேவை என்பதைப் புரிஞ்சுக்க, வேலூர் சிஎம்சி-யை உருவாக்கிய ஐடா ஸ்கடரின் வாழ்க்கையைப் பார்க்கலாம்.

யார் இவர்?

1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா இருவருமே அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி டாக்டர்கள். ஆனா ஐடாவுக்கு அந்த வழியில் போக விருப்பமே இல்லை. அமெரிக்காவில் படிச்சு, அங்கேயே வாழணும்னு நினைச்சார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால்தான் 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனம் வந்தார்.

அந்த ஒரே இரவு

ஒருநாள் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வீட்டுக்கு வந்தாங்க. மூவரின் மனைவியும் பிரசவ வேதனையில் இருந்தாங்க. ஐடா அப்போ டாக்டர் இல்லை. அப்பாவை அனுப்பறேன்னு சொன்னார். ஆண் டாக்டர் பெண்ணைத் தொடக்கூடாதுன்னு மூவருமே மறுத்துட்டாங்க. விடிந்தபோது அந்த மூன்று பெண்களும் உயிரோட இல்லை.

இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. ஊரில் டாக்டர் இருந்தார், வரவும் தயாரா இருந்தார். ஆனா அந்தப் பெண்களின் வீட்டு வாசலைத் தாண்ட முடியல. மருத்துவம் பக்கத்துல இருந்தா மட்டும் போதாது. மக்கள் அதை ஏற்கும் விதத்தில் போய்ச் சேரணும். சமுதாய சுகாதாரத்தின் முதல் பாடம் இதுதான்.

மரத்தடி மருத்துவம்

அமெரிக்கா திரும்பிய ஐடா, 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர், இறந்துபோன தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902-ல் 40 படுக்கைகளோட ஷெல் மருத்துவமனை எழுந்தது.

கட்டடம் வந்தாச்சு. ஆனா வர முடியாதவங்க? 1906-ல் கிராமங்களுக்கே கிளம்பினார். முதலில் மாட்டுவண்டி, சில வருஷத்தில் ஒரு பெஜோ கார். குடியாத்தம் சாலையில் குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டி நிற்கும், மக்கள் கூடுவாங்க. ஒருமுறை மருந்து கொடுத்ததோட முடியாது. அடுத்த வாரம் அதே இடத்துக்கு மறுபடி போகணும். தொடர்ந்து கவனிப்பது, இரண்டாவது பாடம்.

ஒரு டாக்டர் போதுமா?

போதாதுன்னு ஐடாவுக்குத் தெரியும். உள்ளூர்ப் பெண்களையே தயார்படுத்தினால்தான் வேலை நிலைக்கும். 1909-ல் செவிலியர் பயிற்சியையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து நர்ஸ் வேலை பார்ப்பதைப் பலர் ஏளனமாகப் பார்த்த காலம் அது. 1946-ல் அந்தச் செவிலியர் பள்ளி பட்டப்படிப்பு தரும் கல்லூரியா உயர்ந்தது. அங்கே வாழும் மக்களிடமிருந்தே ஊழியர்களை உருவாக்குவது, மூன்றாவது பாடம். ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார்.

இன்றைக்கு இதில் என்ன இருக்கு?

கிராம சுகாதார செவிலியர் முறையை ஐடா தொடங்கலை. அது அரசின் ஏற்பாடு. சமவெளிப் பகுதியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஆனா அடிப்படைகள் அதேதான்:

• நோயாளியை மட்டுமல்ல, முழுக் குடும்பத்தையும் பார்ப்பது.
• நோய் வந்த பிறகு சிகிச்சை என்பதைவிட, வராமல் தடுப்பதற்கு முதலிடம்.
• சாதி, மதம், வசதி பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே கவனிப்பு.
• பதிவேட்டில் எழுதி, விட்டுப்போனவரைத் தேடிப் போவது.
• ஊர் வழக்கத்தை மதித்து, புரியும்படி பேசுவது.

வீட்டில் யாராவது கர்ப்பமா இருந்தா, பெரிய மருத்துவமனையில் காட்டினாலும் உங்க பகுதி செவிலியரிடம் பேரைப் பதிவு பண்ணுங்க. ரத்த அழுத்தம் ஏறுவதையும் ரத்தசோகையையும் முன்கூட்டியே பிடிக்க வழி, ஒழுங்கான பரிசோதனைதான். வலி வந்த பிறகு ஓடுறதுக்கும், அதுக்கு மாதங்கள் முன்பே ஒருவர் வந்து பார்த்துட்டுப் போறதுக்கும் நடுவில் இருப்பது ஒரு உயிர்.