உடம்பு தாங்காது என்று கலைக்கப்பட்ட அணி... 43 ஆண்டுகள் கழித்து அதே கல்லூரியை சாம்பியன் ஆக்கிய மார்கரெட் வேட்: யார் இவர்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் நாள் முழுக்க நின்றபடியோ, மிஷின் முன்னால் குனிந்தபடியோ வேலை. இதை உடம்பு தாங்குமா என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் அதே வீட்டுப் பெண் காலேஜில் சேர்ந்து, சாயந்திரம் பேஸ்கட்பால் பிராக்டிஸ் இருக்கு, வர லேட் ஆகும் என்று சொல்லிப் பார்க்கட்டும். உடம்பு என்னத்துக்கு ஆகும், முட்டி போய்விடுமே, நாளைக்குக் கல்யாணம் செய்ய வேண்டாமா என்று கேள்விகள் வரிசை கட்டி வரும்.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி 90 ஆண்டுகளுக்கு முன்பு இதே சந்தேகத்தில் தன் பெண்கள் அணியையே கலைத்துவிட்டது. அந்த அணியின் கேப்டன் பெயர் மார்கரெட் வேட். தன் 60வது வயதில் அதே கல்லூரியில் அதே அணியை மறுபடியும் தொடங்கி, அடுத்தடுத்து 3 முறை தேசிய சாம்பியன் ஆக்கினார். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் பற்றிய பேச்சில் இன்றும் அவர் பெயர் வருவதற்குக் காரணம் இதுதான்.

எந்த ஊர்?

1912 டிசம்பர் 30 அன்று, அமெரிக்காவின் தெற்கில் உள்ள மிசிசிப்பி மாகாணத்தின் மெக்கூல் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் மார்கரெட் வேட். வளர்ந்தது, ஆடியது, வேலை பார்த்தது எல்லாம் பெரும்பாலும் அதே மாகாணத்தின் கிளீவ்லேண்டில். இதே பெயரில் ஒஹையோ மாகாணத்தில் ஒரு பெரிய நகரம் இருக்கிறது, அது வேறு. இது டெல்டா பகுதியில் இருக்கும் சின்ன டவுன். பாலாற்றங்கரை ஊர்களுக்குத் தோல் எப்படியோ, மிசிசிப்பி டெல்டாவுக்குப் பருத்தி அப்படி. ஒரே தொழில், அதைச் சுற்றியே வாழ்க்கை. அந்தத் தொழிலில் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கப் பக்கத்தில் இருந்த கல்லூரிதான் டெல்டா ஸ்டேட்.

வேட் அங்கு சேர்ந்தபோது அது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அங்கே கூடைப்பந்து அணியில் இடம் பிடித்து, கேப்டனும் ஆனார்.

ஏன் கலைத்தார்கள்?

1932ல் கல்லூரி நிர்வாகம் பெண்கள் அணியை நிறுத்தியது. இளம்பெண்களுக்கு இந்த ஆட்டம் ரொம்பக் கடினம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அணியில் இருந்த பெண்கள் அழுதார்கள், ஜெர்சிகளைத் தீயில் போட்டு எரித்தார்கள். அவர்களால் முடிந்தது அவ்வளவுதான்.

இதை ஒரு கல்லூரி முதல்வரின் பிடிவாதம் என்று மட்டும் நினைத்தால் தப்பு. கூடைப்பந்தை 1891ல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்த அடுத்த வருஷமே பெண்கள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைத் தன் மாணவிகளுக்குக் கொண்டுபோனார். ஆனால் பெண்களுக்காக விதிகளை மாற்றினார்: மைதானத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தனக்கு ஒதுக்கிய பகுதியைத் தாண்டக் கூடாது என்றார். ஓட்டம் குறையும், மூச்சு வாங்காது, ஒருவர் மேல் ஒருவர் மோத மாட்டார்கள் என்ற கணக்கு. அதன்பின் 1920களில் அமெரிக்காவின் பெண் உடற்கல்வி ஆசிரியைகளே கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தார்கள். போட்டி என்று வந்தால் பணம், கூட்டம், சூதாட்டம் எல்லாம் வந்துவிடும், அதிலிருந்து மாணவிகளைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர்கள் வாதம். பல கல்லூரிகள் அணிகளை மூடிவிட்டு, மாணவிகளைக் கலந்து ஆட விடும் விளையாட்டு தினங்களை நடத்தின. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் செய்தார்கள். அதனாலேயே அதை எதிர்த்துப் பேசுவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வேலூர்க்காரர்களுக்கு இந்த மாதிரிச் சந்தேகம் தெரிந்த கதைதான். 1918ல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, விண்ணப்பிக்கவே ஆள் வராது என்று அதிகாரிகள் நினைத்தார்கள். முதல் வருஷமே 151 விண்ணப்பங்கள் வந்தன.

பள்ளியில் 453 வெற்றி

1933ல் பட்டம் வாங்கிய வேட், டுபெலோ என்ற ஊரின் அணிக்காகச் சில காலம் ஆடினார். முட்டியில் அடிபட்டதும் ஆட்டம் முடிந்தது. ஆசிரியை வேலை, கூடவே பயிற்சியாளர் வேலை. 1935ல் தான் படித்த கிளீவ்லேண்ட் உயர்நிலைப் பள்ளிக்கே வந்து சேர்ந்தார். அங்கே 19 சீசன்கள் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 453 வெற்றி, 89 தோல்வி, 6 டிரா. கடைசி 3 வருஷமும் மாநில இறுதிப் போட்டிக்குப் போனது அணி. 3 முறையும் தோற்றது. 1954ல் பயிற்சி வேலையை விட்டார்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. மிசிசிப்பியில் பள்ளிகள் பெண்கள் கூடைப்பந்தை விடவே இல்லை. ஊர் ஊருக்கு அணி இருந்தது, கூட்டம் கூடி மேட்ச் பார்த்தார்கள். பள்ளி முடித்துக் கல்லூரிக்குள் காலடி வைத்ததும் எல்லாம் நின்றுவிடும். வேட் தயார் செய்து அனுப்பிய பிள்ளைகளுக்கு அடுத்து போக இடமில்லை. பிளஸ் 2 வரை மண்டலப் போட்டிகளில் கலக்கிவிட்டு, அதற்குப் பிறகு பந்தையே தொடாத பெண்கள் நம்மூரிலும் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள்.

1959ல் டெல்டா ஸ்டேட் அவரை உடற்கல்விக்குப் பொறுப்பாளராக அழைத்துக்கொண்டது. அதாவது, மாகாணத்தின் தேர்ந்த கூடைப்பந்துப் பயிற்சியாளர்களில் ஒருவர் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறார், தினமும் வகுப்பு எடுக்கிறார். மாணவிகளும் இருக்கிறார்கள். அணி மட்டும் இல்லை. இப்படியே 14 வருஷம் ஓடியது. வேட் வாங்கிய கோப்பைகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். இந்த 14 வருஷத்தில் அந்த வகுப்புகளில் உட்கார்ந்துவிட்டுப் போன பெண்களில் எத்தனை பேர் ஆடியிருக்கலாம் என்பதற்குத்தான் கணக்கே இல்லை.

கதவைத் திறந்தது ஒரு சட்டம்

1972ல் அமெரிக்காவில் டைட்டில் 9 என்ற சட்டப்பிரிவு வந்தது. மத்திய அரசின் நிதி வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பதே அதன் சாரம். அதில் விளையாட்டு என்ற வார்த்தைகூடக் கிடையாது. ஆனால் அதிகம் மாறியது விளையாட்டு மைதானம்தான். அதே ஆண்டில் கல்லூரிப் பெண்களுக்கான தேசிய கூடைப்பந்துப் போட்டியையும் ஏஐஏடபிள்யூ என்ற அமைப்பு தொடங்கியது.

1973ல் டெல்டா ஸ்டேட் அணியை மறுபடி தொடங்க முடிவு செய்து, வேட்டிடம் பொறுப்பைக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 60. இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் அதுவரை பயிற்சி கொடுத்ததெல்லாம் ஆறு பேர் ஆடும் பழைய ஆட்டம்: 3 பேர் கோல் போடுவார்கள், 3 பேர் தடுப்பார்கள், கோட்டைத் தாண்டக் கூடாது. இப்போது கல்லூரியில் 5 பேர், முழு மைதானம், ஆண்கள் ஆடும் அதே ஆட்டம். ஓய்வு பெறப் போகும் வயதில் தன் தொழிலையே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

கற்றுக்கொண்டார். முதல் சீசனில் 16 வெற்றி, 2 தோல்வி.

லூசியா ஹாரிஸ் வந்தார்

வேட்டின் கதையை லூசியா ஹாரிஸ் இல்லாமல் சொல்ல முடியாது. டெல்டாவின் மின்டர் சிட்டியில் விவசாயக் குடும்பத்தில், 11 பிள்ளைகளில் 10வதாகப் பிறந்தவர். சின்ன வயதில் பருத்தி எடுத்தவர். உயரம் 6 அடி 3 அங்குலம். கறுப்பினப் பெண். 1960களின் பிற்பகுதி வரை டெல்டா ஸ்டேட் கறுப்பின மாணவர்களைச் சேர்த்ததே இல்லை. அந்தக் கல்லூரியில், வெள்ளைக்காரப் பெண்கள் நிறைந்த அணியில், ஹாரிஸ் நடுநாயகமாக நின்றார். பந்தைக் கொண்டுவந்து கொடுக்க டெபி பிராக் இருந்தார், அவர் உயரம் 4 அடி 11 அங்குலம். இந்த இருவரும் பக்கத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1974-75 சீசனில் 28 ஆட்டம், 28 வெற்றி. இறுதிப் போட்டியில் எதிரே நின்றது இம்மாகுலாட்டா. பென்சில்வேனியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன மகளிர் கல்லூரி, காட்பாடி ஆக்ஸிலியம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். முந்தைய 3 ஆண்டுகளும் சாம்பியன் அவர்கள்தான். அவர்களுடைய சிஸ்டர்கள் கேலரியில் உட்கார்ந்து வாளியைத் தட்டி உற்சாகப்படுத்துவது ரொம்பப் பிரபலம். டெல்டா ஸ்டேட் 90-81 என்று ஜெயித்தது. அணி தொடங்கி இரண்டே வருஷம்.

1976ல் மறுபடியும் அதே இம்மாகுலாட்டா, 69-64. 1977ல் எல்எஸ்யூ, 68-55. இடையில் தொடர்ந்து 51 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் போனது. உள்ளூரில் ஆண்கள் அணியின் ஆட்டத்தைவிடப் பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகம் வந்தது. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்ஸில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக்ஸ் வரலாற்றில் பெண்கள் கூடைப்பந்தின் முதல் புள்ளியைப் போட்டவர் வேட்டின் மாணவி ஹாரிஸ்தான். அமெரிக்காவுக்கு வெள்ளி கிடைத்தது. அடுத்த ஆண்டு ஆண்களின் என்பிஏ அணியான நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ், வீரர்கள் தேர்வில் ஹாரிஸின் பெயரையே எடுத்தது. அப்போது கர்ப்பமாக இருந்த அவர் போகவில்லை. பெண்களுக்கு என்று நிலையான தொழில்முறை லீக் அன்று அமெரிக்காவில் கிடையாது. கல்லூரிக்கு 1973ல் கதவு திறந்தது, கல்லூரிக்கு அடுத்த கதவு திறக்க இன்னும் 20 வருஷத்துக்கு மேல் ஆனது. டபிள்யூஎன்பிஏ ஆட்டங்கள் தொடங்கியது 1997ல்தான்.

அப்புறம்?

1979ல் வேட் ஓய்வு பெற்றார். கல்லூரியில் 6 சீசன்களில் 157 வெற்றி, 23 தோல்வி. பள்ளிக் கணக்கையும் சேர்த்தால் 610 வெற்றிகள்.

அவர் போன பிறகு டெல்டா ஸ்டேட் மாதிரிச் சின்னக் கல்லூரிகளின் காலமும் முடிந்தது. 1982ல் என்சிஏஏ பெண்களுக்கும் தேசியப் போட்டி நடத்த ஆரம்பித்தது, ஏஐஏடபிள்யூ காணாமல் போனது. ஆண்கள் விளையாட்டில் ஏற்கெனவே பணம் வைத்திருந்த பெரிய பல்கலைக்கழகங்கள் உள்ளே வந்தன. நல்ல பயிற்சியாளர், பக்கத்து ஊர்ப் பெண்கள் என்று வைத்துக்கொண்டு நாட்டையே ஜெயிக்கும் வாய்ப்பு அதற்குப் பிறகு குறைந்துகொண்டே போனது. சட்டம் கொண்டுவந்த நன்மையின் இன்னொரு பக்கம் இது.

1985ல் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் முதன்முறையாகப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். மொத்தம் 3 பேர். ஒருவர் பள்ளிப் பயிற்சியாளர் பெர்த்தா டீக். இன்னொருவர் மைதானத்தில் கோடு போட்டுப் பெண்களை ஆட வைத்த செண்டா பெரன்சன். மூன்றாமவர் மார்கரெட் வேட். 1992ல் ஹாரிஸும் அதே மண்டபத்துக்கு வந்தார், அந்த மரியாதை கிடைத்த முதல் கறுப்பினப் பெண் அவர்.

வேட் 1995 பிப்ரவரி 16 அன்று, 82வது வயதில் காலமானார். ஹாரிஸ் 2022 ஜனவரியில் இறந்தார். இரண்டே மாதத்தில் அவரைப் பற்றிய தி குயின் ஆஃப் பேஸ்கட்பால் குறும்படம் ஆஸ்கர் வாங்கியது. அமெரிக்கக் கல்லூரிகளில் அந்த ஆண்டின் சிறந்த கூடைப்பந்து வீராங்கனைக்கு 1978 முதல் ஒரு கோப்பை கொடுக்கிறார்கள். அதன் பெயர் வேட் டிராஃபி.