எழுதுகோலும் துலாக்கோலும்

ஏட்டில் வந்துவிட்டது, ஆகவே உண்மை என்று நம்புகிறவர்கள் உண்டு. ஏட்டில் வந்திருக்கிறது, ஆகவே பொய் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரு சாராரும் எடை போடாமலே சரக்கு வாங்குகிறவர்கள்! செய்தி எழுதுகிறவரை எப்படி நிறுத்துப் பார்ப்பது? நெய்யூரிலும் தக்கலையிலும் வேலை முடித்து வந்து தேநீர்க் கடைப் பெஞ்சிலே ஏட்டைப் பிரிக்கும் தோழர்களுக்கு, இதற்கு விடையாக ஒரு பத்திரிகையாளரின் வாழ்வைச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் சுதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளை.

1878 மே 25ஆம் நாள் நெய்யாற்றின்கரையிலே பிறந்தவர். நெய்யாற்றின்கரையும் நமது நெய்யூரும் அந்நாளில் ஒரே கொடியின் கீழ் இருந்தன. திருவிதாங்கூர் மன்னரின் கொடி. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மண் தமிழகத்தோடு இணையும் வரை, நமக்கும் சட்டம் திருவனந்தபுரத்திலிருந்துதான் வந்தது. ஆகவே அவர் கதை அயலான் கதையல்ல.

இளமையிலேயே எழுதுகோல் எடுத்தவர் அவர். கேரள தர்ப்பணம், மலையாளி, கேரளன் எனப் பல ஏடுகளில் பணியாற்றினார். 1905இல் வக்கம் அப்துல் காதர் மௌலவி சுதேசாபிமானி என்ற ஏட்டைத் தொடங்கினார். 1906இல் இராமகிருஷ்ண பிள்ளை அதன் ஆசிரியரானார். முதல் போட்டவர் முஸ்லிம் அறிஞர். எழுதியவர் நாயர் இளைஞர். பணம் கொடுத்தவர், பேனாவுக்குக் கடிவாளம் போடவில்லை. செய்தியாளரை எடை போட முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: அவருக்குச் சோறு போடுகிறவர் யார், அவர் என்ன கேட்கிறார்? இந்தச் சோதனையிலே இராமகிருஷ்ண பிள்ளை தேறினார்.

மன்னரைத் தெய்வமாகத் தொழுத காலம் அது. திவான் தும்மினால் நாடே காய்ச்சலில் படுத்த காலம். அந்தக் காலத்திலே, மக்களுக்கு ஆட்சியில் பங்கு வேண்டும் என்று எழுதினார். அரண்மனைச் செல்வாக்கையும் அதிகாரிகளின் ஊழலையும் சாடினார். திவான் பி. ராஜகோபாலாச்சாரியை, சென்னையிலே முதலமைச்சராக இருந்த ராஜாஜி அல்ல இவர், விடாமல் துரத்தித் துரத்தித் தாக்கினார். திவானின் சொந்த ஒழுக்கத்தையும் சந்திக்கு இழுத்தார்.

பதில் என்ன வந்தது? மறுப்பு அல்ல, வழக்கு அல்ல, மன்னர் ஸ்ரீமூலம் திருநாளின் ஆணை வந்தது! 1910 செப்டம்பர் 26ஆம் நாள் ஏடு தடை செய்யப்பட்டது, அச்சகம் பறிமுதலாயிற்று, ஆசிரியர் கைது செய்யப்பட்டார். விசாரணை இல்லாமலே எல்லைக்கு அப்பால், திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் விடப்பட்டார்.

இங்கே நிதானம் வேண்டும், தோழர்களே. தண்டிக்கப்பட்டதாலேயே அவர் எழுதிய ஒவ்வொன்றும் உண்மையாகிவிடாது. தழும்பு வீரத்துக்குச் சாட்சி, செய்திக்குச் சாட்சியல்ல. ஆனால் குற்றச்சாட்டை மன்றத்திலே நிறுத்திச் சோதிக்க மறுத்த ஆட்சி, அதைப் பொய் என்று சொல்லும் தகுதியைத் தானே இழந்தது.

இதுவரை கேட்டவர்கள் கைதட்டலாம். கை ஓயட்டும், கதையின் மறுபக்கம் இருக்கிறது.

நாடு கடத்தப்பட்ட அதே 1910இல், புலையர் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியின் கதவைத் திறக்கத் திவானின் ஆட்சி முற்பட்டது. அய்யன்காளியும், 1907இல் அவர் தொடங்கிய சாதுஜன பரிபாலன சங்கமும் போராடிக் கேட்ட உரிமை அது. மன்னராட்சியை எதிர்த்த மாவீரர் இதை வரவேற்றிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! தலைமுறை தலைமுறையாகப் படித்த சாதிப் பிள்ளைகளையும், வயலில் உழைத்த சாதிப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது என்ற பொருள்பட அவர் ஏடு எழுதியது.

நெஞ்சு சுடுகிறது அல்லவா? சுடட்டும். ஆனால் சினத்தோடு நிற்காமல் சிந்திப்போம். திவானின் ஊழலைப் பற்றி எழுதும்போது தகவல் தேடிய பேனா, இங்கே தேடியதா? தேடியிருந்தால் சான்று தொலைவில் இல்லை. 1828இல் பாதிரியார் சார்லஸ் மீட் நெய்யூரிலே குடியேறினார். 1838இல் இங்கே இலண்டன் மிஷனின் மருத்துவப் பணி தொடங்கியது. தென் திருவிதாங்கூரின் மிஷன் பள்ளிகளிலே, தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் பல தலைமுறையாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். மிஷனுக்கும் ஒரு சார்பு இருந்தது; மதம் பரப்புவது அதன் நோக்கம். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் படித்தது கண்ணால் காணக்கூடிய உண்மை. நெய்யாற்றின்கரையில் பிறந்தவருக்கு நெய்யூர் கடல்கடந்த நாடா? வந்து பார்த்திருக்கலாம். பார்க்காமலே எழுதினார். ஏனென்றால், இந்தச் செய்தியிலே அடிபட்டது திவானின் வீடு அல்ல. தன் வீடு, தன் சாதியின் திண்ணை!

அய்யன்காளி கட்டுரைக்காகக் காத்திருக்கவில்லை. பள்ளியில் இடமில்லையேல் வயலில் வேலையில்லை என்று உழைப்பாளர்களைத் திரட்டினார். பிறகு திருவிதாங்கூரின் பிரஜா சபையிலேயே உறுப்பினராக அமர்ந்து கல்வியுரிமை கேட்டார். எந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்டாரோ, அந்தப் பிள்ளைகளின் வழியில் வந்தவர்கள் பின்னாளில் பட்டம் பெற்றார்கள். குதிரை, எருமைக் கணக்கைக் காலம் கிழித்துப் போட்டது.

நாடு கடத்தப்பட்டவரின் பிற்கால வாழ்வு துன்பம் நிறைந்தது. சென்னை, பாலக்காடு, கண்ணூர் என்று அலைந்தார். துணைவியார் பி. கல்யாணி அம்மா துயரிலும் துணை நின்றார். அந்த வாழ்வைப் பின்னர் நூலாகவும் எழுதினார். 1912இல் பத்திரிகைத் தொழிலைப் பற்றி மலையாளத்தில் ஒரு நூலும், காரல் மார்க்சின் வரலாறும் எழுதியவர் இராமகிருஷ்ண பிள்ளை. உழைப்பாளியின் அறிஞரை அறிமுகப்படுத்திய அதே கை, உழைப்பாளியின் பிள்ளைக்குப் பக்கத்து இடம் தர இரண்டாண்டு முன்பு மறுத்த கை! 1916 மார்ச் 28ஆம் நாள், 38 வயது நிறையாமலே, காசநோயால் கண்ணூரில் கண் மூடினார். திருவனந்தபுரத்திலே அவருக்குச் சிலை நிற்கிறது.

சிலையை உடைக்கச் சொல்கிறோமா? இல்லை. மாலை போட மட்டும் சொல்கிறோமா? அதுவும் இல்லை. அவர் திவானைப் பற்றி எழுதியதைத் திவானின் பகைவர் எழுதியதாகப் படியுங்கள். தகவலையும் வசையையும் தனித்தனியே பிரித்தெடுங்கள். பள்ளியைப் பற்றி எழுதியதை ஒரு சாதி எழுதியதாகப் படியுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்காதீர்கள். திவான் பார்ப்பனர் என்பதற்காக, அவரைத் தாக்கியவரின் சாதிச் செருக்கை நாம் மன்னித்தால், நம் துலாக்கோலும் சாய்ந்த கோல்தான்.

எதிரியைப் பற்றி எழுதும்போது எவரும் துணிவு காட்டலாம். தன் சாதி, தன் கூட்டம், தன் கட்சி குறுக்கே வரும்போது என்ன எழுதுகிறார் என்பதே செய்தியாளரின் உரைகல். கட்சி ஏடு நடத்தும் நமக்கும் அதே உரைகல்தான். இந்த ஏட்டையும் அதிலே உரசிப் பாருங்கள், தோழர்களே. பொன்னாக இருக்கும் வரை வாங்குங்கள்!