பழைய கார்களில் பிறந்த மெக்லாரன்!

கோடிகளில் விலை பேசப்படும் மெக்லாரன் காரை யூடியூபிலாவது பார்த்திருப்பீங்க. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான புரூஸ் மெக்லாரன் ஆரம்பித்தது என்னவோ பழைய கார்களில்தான். செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றி ஓட்டணும்னு ஆசை இருக்கா? அப்போ இவர் கதை உங்களுக்குத்தான்!

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1937-ல் பிறந்தவர் புரூஸ். அப்பா லெஸ், பெட்ரோல் பங்க்கும் ஒர்க்‌ஷாப்பும் நடத்திவந்தார். ஒன்பது வயதில் புரூஸின் இடுப்பு மூட்டை ‘பெர்த்தஸ்’ நோய் தாக்கியது. நீண்ட காலம் படுத்த படுக்கை. எழுந்து நடந்தபோது இடது கால் குட்டையாகி இருந்தது. ஓடியாட முடியாத பையனுக்கு ஒர்க்‌ஷாப்தான் மைதானம்.

அப்பா ஒரு பழைய ‘ஆஸ்டின் 7 அல்ஸ்டர்’ காரைச் சரிசெய்து கொடுத்தார். 750 சிசி-கூட இல்லாத குட்டி இன்ஜின். 1952-ல் அந்த காரில்தான் முதன்முதலாக மலையேற்றப் பந்தயத்தில் இறங்கினார் புரூஸ். அப்போது வயசு 14!

பிறகு ஃபோர்டு, ஆஸ்டின் ஹீலி, கூப்பர் என்று படிப்படியாக ஏறினார். எந்த காரையும் வாங்கியபடியே ஓட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. திறமை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போக, 1959-ல் கூப்பர் அணிக்காக அமெரிக்க கிராண்ட் பிரீ பந்தயத்தை ஜெயித்தபோது வயது 22.

மோதி நொறுங்கிய கார்!

1963-ல் சொந்த அணி தொடங்கிய புரூஸ், அடுத்த ஆண்டு வாங்கியதும் பழைய கார்தான். பெயர், ‘ஜெரெக்ஸ் ஸ்பெஷல்’. 1961-ல் பந்தயத்தில் மோதி நொறுங்கிய கூப்பர் ஃபார்முலா 1 கார் அது. ரோஜர் பென்ஸ்கி அதை வாங்கி, ஸ்போர்ட்ஸ் கார் பாடி மாட்டி, பல பந்தயங்களை ஜெயித்திருந்தார்.

புரூஸ் அதிலிருந்த நான்கு சிலிண்டர் இன்ஜினைக் கழற்றிவிட்டு, அலுமினிய ‘ஓல்ட்ஸ்மொபில்’ வி8 இன்ஜினைப் பொருத்தினார். இங்கேதான் நீங்கள் கவனிக்கணும். பவர் கூடினால் பழைய சட்டம் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் சஸ்பென்ஷனை எவ்வளவு நல்லா செட் பண்ணினாலும் வளைவில் கார் சொன்ன பேச்சு கேட்காது. அதனால் சேஸியின் நடுப்பகுதியையே எடுத்துவிட்டு, உறுதியாகப் புதிதாகச் செய்துவைத்தார்கள். அந்த கார் 1964-ல் கனடாவின் மோஸ்போர்ட்டில் ஜெயித்தது. அதில் கற்ற பாடத்தோடுதான் முதல் மெக்லாரன் ஸ்போர்ட்ஸ் காரான ‘எம்1ஏ’ வந்தது.

1966-ல் கிறிஸ் ஏமனுடன் சேர்ந்து லீ மான்ஸ் வெற்றி. 1968-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில், தன் பெயர் தாங்கிய ஃபார்முலா 1 காரிலேயே வெற்றி. 1967, 1969-ல் கேன்-ஆம் சாம்பியன்.

1970 ஜூன் 2. இங்கிலாந்தின் குட்வுட்டில் புதிய ‘எம்8டி’ காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். வேகத்தில் பின்பக்க பாடி கழன்றது. கட்டுப்பாட்டை இழந்த கார் மோதியதில், புரூஸ் அந்த இடத்திலேயே இறந்துபோனார். வயது 32.

உயிரைப் பறித்தது இன்ஜின் அல்ல, கழன்றுபோன பாடி. உங்கள் பழைய காருக்குப் பவர் ஏற்றப்போறீங்களா? அதற்கு முன்னால் சேஸி, பிரேக், டயரைப் பாருங்க. பானெட் லாக்கையும் ஒரு தடவை கையால் ஆட்டிப் பார்த்துடுங்க!