எம்.சி.ராஜா: வழிகாட்டும் ஆசிரியருக்கு ஒரு முன்னோடி

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883ஆம் ஆண்டு பரங்கிமலையில் பிறந்தார். இன்றைய திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களைப் போலவே அவ்வூரும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டப் பறையர் மக்களின் நிலமின்மையையும் கல்வியின்மையையும் ஆட்சியர் திரமென்ஹீர் தம் அறிக்கையில் பதிவு செய்தபோது ராஜா சிறுவர்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற அவர், அரசியலுக்கு வருமுன் பள்ளி ஆசிரியர். பாடநூல்கள் எழுதினார். 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர் எனக் குறிக்க வேண்டுமென்ற தீர்மானம் 1922இல் அவர் முயற்சியால் நிறைவேறியது. பள்ளிப் பதிவேட்டில் குழந்தை எப்பெயரால் குறிக்கப்படுகிறது என்பதன் வலியை ஆசிரியர் அறிவாரன்றோ?

1932இல் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்து அம்பேத்கருடன் முரண்பட்டார். ஆயினும் 1942இல் இருவரும் இணைந்தே கிரிப்ஸைச் சந்தித்தனர். பொது இடங்களில் தீண்டாமைத் தடைகளை நீக்கும் சட்டத்தை 1938இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1943இல் மறைந்தார். சைதாப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய கல்லூரி மாணவர் விடுதி இன்றும் உள்ளது.

மாணவரின் தடை வகுப்பறைக்கு வெளியே தொடங்குகிறது என்பதே இவ்வாழ்வு உணர்த்தும் பாடம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக உழைப்போரின் பிள்ளைகள் பலர், குடும்பத்தில் கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறையினர். அவர்களுக்கு வழிகாட்ட வேண்டிய ஆசிரியர், பாடப்பிரிவுகளை மட்டும் அறிந்தால் போதுமா? ஆதிதிராவிடர் நல உதவித்தொகை, விடுதிச் சேர்க்கை, சாதிச் சான்றிதழ் ஆகியவற்றையும் அறிந்திருக்க வேண்டும். மாணவர் திடீரென மௌனமானால், அதை மந்தபுத்தி என முத்திரையிடாமல், சாதி இழிவு நேர்ந்ததா எனக் கனிவுடன் வினவவும் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளி நல அலுவலர்களை நியமிக்கப் பரிந்துரைத்து 2024இல் அறிக்கை அளித்தது. அது வரவேற்கத்தக்கது. எனினும் மாணவரை நாள்தோறும் காண்பவர் வகுப்பாசிரியரே. ஆசிரியர் பயிற்சியில் சாதி குறித்த புரிதல் கட்டாயப் பாடமாக வேண்டும். இதற்காகக் குரலெழுப்புவதே ஆசிரியர் ராஜாவுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.