கித்தாரைத் திருப்பிப் பிடித்தவர்

பல்கலைக்கழக இசைக் குழுவில் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு சிக்கல். நான் இடக்கைப் பழக்கம் உள்ளவன். அங்கிருந்த கித்தார்கள் எல்லாம் வலக்கைக்காரர்களுக்கானவை. மற்றவர்களைப் போலவே பிடித்துப் பழகுவதா, திருப்பிப் பிடிப்பதா? குழம்பிய நாள்களில் நான் தேடிப் படித்தது ஜிமி ஹென்றிக்ஸின் வாழ்க்கையை.

ஹென்றிக்ஸ் 1942 நவம்பர் 27ஆம் தேதி அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்தனர். 15 வயதில் தாயையும் இழந்தார். கித்தார் வாங்க வசதியில்லாத காலத்தில் துடைப்பத்தைக் கித்தாராகப் பாவித்து வாசிப்பாராம். பிறகு குப்பையிலிருந்து ஒரே ஒரு தந்தி கொண்ட உக்குலேலே கிடைத்தது. 1958இல் 5 டாலருக்கு ஒரு பழைய கித்தார் கைக்கு வந்தது.

அது வலக்கைக் கித்தார். அதில் தடித்த தந்தி மேலேயும் மெல்லிய தந்தி கீழேயும் இருக்கும். இடக்கையால் மீட்டுவதற்காகத் திருப்பினால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். அமெரிக்க புளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங் அப்படித் தலைகீழான தந்திகளிலேயே வாசித்துப் புகழ்பெற்றார். ஹென்றிக்ஸ் வேறு வழியில் சென்றார். தந்திகளைக் கழற்றி, தடித்த தந்தி மீண்டும் மேலே வரும்படி மாற்றிக் கட்டினார்.

வீட்டில் அதற்கு எதிர்ப்பு இருந்தது. தந்தை அல் இடக்கைப் பழக்கத்தைத் தீய சக்தியின் அடையாளமாகக் கருதினார் என்று தம்பி லியோன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தந்தை எதிரில் வலக்கைக்காரரைப் போல வாசிப்பதும், அவர் நகர்ந்ததும் கித்தாரைத் திருப்பிக்கொள்வதுமாக நாள்கள் கழிந்தன. இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. சாப்பிடுவதும் பிறர் கொடுப்பதை வாங்குவதும் வலக்கையால்தான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

1961இல் இராணுவத்தில் சேர்ந்த ஹென்றிக்ஸ் அடுத்த ஆண்டே வெளியேறினார். லிட்டில் ரிச்சர்ட் போன்றோருக்குப் பின்னணியில் வாசித்துப் பிழைத்தார். 1966இல் லண்டன் சென்ற பிறகுதான் வாழ்க்கை திசை மாறியது. 1967இல் மான்டரே இசை விழா, 1969இல் உட்ஸ்டாக் விழா என உலகமே அவரைக் கவனித்தது. அந்த மேடைகளிலும் அவர் கையில் இருந்தது திருப்பிப் பிடித்த வலக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான்.

அதில் சிரமங்கள் இல்லாமல் இல்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் மேல்பக்கம் வந்து முன்கையில் இடிக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் இரு பக்கமும் வளைத்து வெட்டப்பட்டிருப்பதால் உச்ச ஸ்வரங்களை எட்ட முடிந்தது. ஆனாலும் நீளமான கொம்பு கீழே வந்து கையை மறிக்கும். ஒலியை உள்வாங்கும் காந்தப் பகுதி ஒன்று அதில் சாய்வாக இருக்கும். கித்தாரைத் திருப்பும்போது அந்தச் சாய்வும் மாறி, தடித்த தந்திகள் சற்றுக் கூர்மையாகவும் மெல்லியவை சற்று மென்மையாகவும் ஒலிக்கும். அவருடைய தனித்துவமான ஒலிக்கு இதுவும் ஒரு காரணம். 1970 செப்டம்பர் 18ஆம் தேதி லண்டனில் இறந்தபோது அவருக்கு வயது 27.

இடக்கைக்காரர்கள் எல்லாரும் திருப்பித்தான் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வலக்கை முறையில் பழகினால் எந்தக் கடையிலும் கித்தார் வாங்கலாம், எந்த நண்பரின் கித்தாரையும் இரவல் வாங்கி வாசிக்கலாம். தந்திகளை அழுத்தும் வேலையும் எளிதல்ல. அதற்கு இடக்கையின் லாவகம் உதவும். ஆனால் மேசையில் தாளம் போடும்போது எனக்குத் தானாக எழுவது இடக்கை. மீட்டும் கைதான் தாளத்தைச் சுமக்கிறது என்பதால் நானும் திருப்பிப் பிடிக்க முடிவு செய்தேன். பழைய கித்தார் ஒன்றை வாங்கித் தந்திகளை மாற்றினேன். கழுத்தின் மேல்முனையில் தந்திகள் அமரும் பள்ளங்களையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது.

ஹென்றிக்ஸிடம் என்னை மிகவும் கவர்ந்த செய்தி இன்னொன்று. அவர் கடைசிவரை வலக்கையால்தான் எழுதினார். எழுத்தில் வீட்டுக்கு விட்டுக்கொடுத்தவர், இசையில் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டி வீட்டில் நானும் இன்றுவரை வலக்கையால்தான் சாப்பிடுகிறேன். கித்தார் மட்டும் இடக்கைக்கு.