நோய்ப் படுக்கையிலும் அண்ணா

பெரிய காஞ்சிபுரம், சின்னக் காஞ்சிபுரம் என இரு கூறாய் வழங்கும் பட்டு நகரில், 1909 செப்டம்பர் 15 அன்று, எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார் அறிஞர் அண்ணா. நாவாலும் எழுதுகோலாலும் மக்களை ஈர்த்து 1967இல் முதலமைச்சரான அப்பெருமகனாரை, மறு ஆண்டே உணவுக்குழாய்ப் புற்றுநோய் வருத்தலாயிற்று. உணவை விழுங்குவதே துன்பமாக்கும் கொடிய நோய் அது. புகையிலைப் பழக்கம் அவருக்கு இருந்தது; அன்பு காரணமாக அதனை நாம் மறைப்பது முறையன்று.

1968 செப்டம்பரில் நியூயார்க் சென்று, மருத்துவர் மில்லரிடம் அறுவைச் சிகிச்சை பெற்றார். நவம்பரில் திரும்பியபோது மிக மெலிந்திருந்தார். ஓய்வு கொள்ளுமாறு மருத்துவர்கள் வற்புறுத்தியும், டிசம்பர் 1 அன்று சென்னை பாலர் அரங்கில் நிகழ்ந்த ‘தமிழ்நாடு’ பெயர் சூட்டு விழாவிற்கு வந்து பேசினார். வராமல் இருக்க அவரால் இயன்றிருக்குமா?

1955 முதல் தம்பிக்கு மடல் எழுதிவந்தவர், 1969 பொங்கலுக்கும் எழுதினார். உடல் நொந்திருந்த அந்நிலையிலும், மாநிலங்களின் அதிகாரம் குறைந்து வருதலே அம்மடலில் அவர்தம் கவலையாயிற்று. ஜனவரி 14 அன்று தியாகராய நகரில் கலைவாணர் சிலையைத் திறந்து வைத்தார். அவர் கலந்துகொண்ட இறுதிப் பொது நிகழ்ச்சி அதுவே.

பிப்ரவரி 3 அன்று சென்னையில் மறைந்தார். தமிழ்நாடு என்னும் பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்ததும் அதே ஜனவரி 14 அன்றுதான். அப்பெயர் தாங்கிய மாநிலத்தில் அவர் வாழ்ந்தது 20 நாட்கள்.