எமன் வேஷக்காரர் எழுதிய கல்யாண நாடகம்

சித்திரை மாதம். இரவு பத்து மணிக்குத்தான் கொஞ்சம் காற்று வருகிறது. மதுரைக்குத் தெற்கே பசுமலையைத் தாண்டி, திருப்பரங்குன்றம், திருமங்கலம் என்று ஒரு சாலை போகிறது அல்லவா? அதன் இரு பக்கத்துக் கிராமங்களிலும் இது கோயில் திருவிழாக் காலம். ஊர்ப் பொட்டலில் கீற்றுக் கொட்டகை போட்டு மேடை கட்டியிருப்பார்கள். எதிரே திறந்த வெளி. ஜனங்கள் பாயும் தலையணையுமாக வந்து இடம் பிடிப்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிள்ளைகள் மேடைக்கு நேர் கீழே மண்ணில். ஆர்மோனியம் கேட்டதும் கூட்டம் அடங்கும். விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம்!

கதை தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. போன வருஷமும் பார்த்தார்கள். அடுத்த வருஷமும் பார்ப்பார்கள். ஆனாலும் புதிதாகப் பார்ப்பவர்களைப் போலச் சிரிக்கிறார்கள்.

இந்த நாடகத்தை எழுதியவர் மேடையில் முதன்முதலில் சம்பாதித்தது சிரிப்பு அல்ல, பயம். ஜனங்கள் அவரைக் கண்டு நடுங்கினார்கள். அந்த நடுக்கமே அவரை மேடையிலிருந்து இறக்கியது. அவர்தாம் சங்கரதாஸ் சுவாமிகள்.

உப்புக் கணக்கர்

தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டி என்று ஓர் ஊர். அங்கே 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி சங்கரன் பிறந்தார். தந்தையார் தமிழ் படித்தவர்; மகனுக்கு அவரே முதல் ஆசிரியர். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணம் கற்றார். பதினாறு வயதுக்குள் வெண்பாவும் கலித்துறையும் அவருக்குக் கை வந்துவிட்டன. கவி எழுதினால் வயிறு நிறையுமா? உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார்.

கணக்கில் மனம் நிற்கவில்லை. இருபத்து நான்காவது வயதில் வேலையை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கூத்தாடிக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், குடியிருக்க வீடு கொடுக்க மாட்டார்கள் என்றிருந்த காலம் அது. தெரிந்துதான் போனார்.

நடுங்கிய ஜனங்கள்

கம்பீரமான உருவம், கணீரென்ற குரல். ஆகவே அவருக்குக் கிடைத்தவை எல்லாம் கொடிய வேஷங்கள். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன்.

இப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து எத்தனையோ பயங்கரப் படங்களைப் பார்க்கிறோம். அந்தக் காலத்து ஜனங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எண்ணெய் விளக்கு வெளிச்சம், சுற்றிலும் இருட்டு. மேடையில் எமன் வந்து நின்றால் எமனே வந்ததாகத்தான் இருக்கும்.

'சாவித்திரி' நாடகத்தில் சுவாமிகள் எமனாக நடித்தார். ஒரு நாள், சத்தியவானின் உயிரைப் பறிக்கக் கர்ஜித்துக்கொண்டு பாசக்கயிற்றை வீசினார். கூட்டத்தில் ஒரு கர்ப்பிணி இருந்தாள். அதிர்ச்சியில் அவளுக்குக் கரு கலைந்துவிட்டது.

இன்னொரு முறை 'நளதமயந்தி'. சனீஸ்வரன் வேஷம். உடம்பெல்லாம் கறுப்புப் பூச்சு. விடியற்காலை நாடகம் முடிந்தது. வேஷத்தைக் கலைக்க ஊர்க் குளத்துக்குப் போனார். அரை இருட்டில், தண்ணீருக்கு வந்த ஒரு பெண் அவரை எதிரே பார்த்தாள். அலறி விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அங்கேயே உயிர் போயிற்று என்று சொல்வார்கள்.

அவருடைய மாணவர்கள் வழியாக வந்த செய்திகள் இவை. ஒரு சொல் இரண்டு சொல் கூடியிருக்கலாம். ஆனால் அவர் அதன் பிறகு வேஷம் கட்டுவதை விட்டுவிட்டார் என்பதில் சந்தேகம் இல்லை. வேறு நடிகராக இருந்தால் என் நடிப்பைப் பார்த்தீர்களா என்று பெருமை பேசியிருப்பார். இவருக்கு அது பொறுக்கவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு நாடகத்தால் கேடு வரலாமா?

மனம் வெறுத்துத் துறவியானார். ஊர் ஊராகக் கோயில்களுக்குத் திரிந்தார். 'சுவாமிகள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். புதுக்கோட்டைக்கு வந்தபோது, கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் வீட்டில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டார். தாள நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார். அலைந்தவர் மறுபடியும் நாடகத்துக்குத் திரும்பினார். இந்த முறை மேடைக்குப் பின்னால், ஆசிரியராக.

மதுரையில் பள்ளிக்கூடம்

'பவளக்கொடி', 'கோவலன்', 'சதி சுலோசனா', 'அபிமன்யு சுந்தரி' என்று ஏறக்குறைய 40 நாடகங்கள் அவர் பெயரில் உண்டு. 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபை ஏற்படுத்தினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பெயர்தான் நீளம், எல்லாம் சிறுவர்கள்.

ஏன் சிறுவர்கள்? அன்றைய பெரிய நடிகர்கள் கட்டுக்கு அடங்கமாட்டார்கள். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு மேடையிலேயே போட்டி போடுவார்கள். எதிரே நிற்பவரை மடக்கி அவமானப்படுத்தினால் கைதட்டல்! சுவாமிகளுக்கு அது பிடிக்கவில்லை. சிறுவர்களானால் பாடம் சொன்னபடி கேட்பார்கள். வரி பிசகினால் அடியும் விழும்.

அந்தச் சபையில் ஆறு வயதுப் பையனாக வந்து சேர்ந்தவர்தாம் டி. கே. ஷண்முகம். பின்னாளில் அவ்வையாராக நடித்துப் புகழ் பெற்றவர். இந்தப் பையனுக்காகவே 'அபிமன்யு சுந்தரி' முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

சாமியைப் பார்த்துச் சிரிப்பு

இனி 'வள்ளி திருமண'த்துக்கு வருவோம். எழுதியவர் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளாதவர் என்பது ஒரு வேடிக்கை.

கந்தபுராணக் கதைதான். வள்ளி தினைப்புனம் காக்கிறாள். நாரதர் வந்து கலகத்தைத் தொடங்குகிறார். முருகன் வேடனாக வருகிறான், அவள் விரட்டுகிறாள். அவள் தகப்பன் வந்துவிட்டால் வேங்கை மரமாக நிற்கிறான்! பிறகு கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிறான். கடைசியில் அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து மிரட்டித் தம்பிக்குப் பெண் பிடித்துக் கொடுக்கிறார்.

பசுமலைப் பக்கத்து ஜனங்களுக்கு முருகன் அயலான் அல்ல. கூப்பிடு தூரத்தில் திருப்பரங்குன்றம். தெய்வயானையை அவன் மணந்த தலம். பங்குனியில் அங்கே போய்த் திருக்கல்யாணம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற அதே ஜனங்கள், சித்திரையில் தங்கள் ஊர்ப் பொட்டலில் அவன் ஒரு வேடர் குலப் பெண்ணிடம் கெஞ்சுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். முதல் மனைவியை ஊருக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இவன் செய்கிற வேலையைப் பார் என்று பாட்டிமார் சொல்லாமலா இருப்பார்கள்? பக்திக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம்தான் உயிர்க்கட்டம். தூங்கியவர்களையும் அப்போது தட்டி எழுப்புவார்கள். வள்ளி சுடச்சுடப் பதில் சொன்னால் பெண்கள் பக்கம் ஆரவாரம். நாரதர் திருப்பினால் ஆண்கள் பக்கம். பிடித்துப்போனவர்கள் மேடை ஏறி நோட்டைச் சட்டையில் குத்துவார்கள். யார் கொடுத்தது என்று ஒலிபெருக்கியில் சொல்லியாக வேண்டும். கூட்டம் ரசித்தால் தர்க்கம் ஒரு மணி நேரம் நீளும். ரசிக்காவிட்டால் பத்தே நிமிஷத்தில் முடியும்.

இதைச் சுவாமிகள் ஒப்பியிருப்பாரா? அதுதான் எனக்குச் சந்தேகம். வரி பிசகக் கூடாது என்றவர் அவர். இன்று இந்த ஸ்பெஷல் நாடகங்களில் ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். அன்றிரவு கொட்டகையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பபூன் இரட்டை அர்த்தம் பேசினால் பெரியவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. ஆனாலும் நாடகம் குலையாமல் நடந்து முடிகிறது. எல்லோரும் படித்தது ஒரே பாடம், சுவாமிகளின் பாடம் என்பதுதான் காரணம்.

கொக்கு விரட்டிய பாட்டு

பக்கவாதம் வந்து சுவாமிகளுக்குக் கை கால் விழுந்தது, பேச்சும் போயிற்று. சபை ஊர் ஊராகப் போனபோது அவரும் கூடவே போனார். 1922 நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் காலமானார். வயது ஐம்பத்தைந்து.

நாடகம் நிற்கவில்லை. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் அதில் சேர்ந்து நடித்தபோது ஜனங்கள் அலைமோதினார்கள். திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாத தாஸ் அதையே சுதந்திரப் போருக்கு ஆயுதமாக்கினார். தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில் வெள்ளைக் கொக்கை விரட்டிப் பாடுவார். எந்த வெள்ளைக் கொக்கு என்று கூட்டத்துக்குத் தெரியும். சிரிப்பும் கைதட்டலும் வானைப் பிளக்கும். போலீசாருக்கும் தெரியும். மேடையிலேயே கைது செய்வார்கள். 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் இதே நாடகத்தில், முருகன் வேஷத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

மதுரையில் சுவாமிகளுக்குச் சிலை உண்டு. நாடக நடிகர்கள் ஆண்டுதோறும் குருபூஜை நடத்துகிறார்கள். பங்குனி பிறந்தால் கிராமத்துப் பெரியவர்கள் முன்பணத்தோடு மதுரைக்கு வந்து நடிகர்களைப் பேசி முடிக்கிறார்கள். வள்ளிக்குக் கல்யாணம் ஆகும்போது கிழக்கு வெளுத்துவிடும். பாயைச் சுருட்டிக்கொண்டு ஜனங்கள் கிளம்புவார்கள். பபூன் மட்டும் முகப்பூச்சோடு தெருக்குழாய்ப் பக்கம் போவார். தண்ணீர் பிடிக்க நிற்கும் பெண்கள் சிரித்துக்கொண்டே குடத்தை நகர்த்தி வழி விடுவார்கள்.